மாடு குறைந்தது, பால் குறையவில்லை

நாட்டில் எத்தனை கறவை மாடுகள் இருக்கின்றன என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். புள்ளியியல் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கால்நடைப் பிரிவு என்று பலகை தொங்கும் நீளமான அறையில் உட்கார்ந்து, வருடக்கணக்காக அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கோழிக்கு வேறு ஆள், ஆட்டுக்கு வேறு ஆள். மாடு அவளுடையது. அதனால் அலுவலகம் முழுக்க அவளுக்கு மாட்டு மேடம் என்று பெயர். நேரில் வெறும் மேடம்; முதுகுக்குப் பின்னால்தான் மாடு சேரும். அது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அதைவிட எரிச்சலூட்டும் விஷயங்கள் அந்தக் கட்டடத்தில் ஏராளமாக இருந்தன.

அவற்றில் முதலிடம் செய்திப் பிரிவுக்காரருக்கு.

வருடாந்திர அறிக்கை வெளியாகும் நாளுக்கு முந்தின மத்தியானம் அவர் மேடத்தின் மேசைக்கு வந்தார். கையில் அவள் எழுதிக் கொடுத்த வாக்கியம் இருந்தது. கறவை மாடுகளின் எண்ணிக்கை இந்த ஆண்டும் குறைந்தது, பால் உற்பத்தி குறையவில்லை, சற்றுக் கூடியது. ரொம்ப யோசித்து, ஒரு வார்த்தை அதிகமில்லாமல் எழுதிய வாக்கியம்.

"மேடம், தலைப்பு ஒரு வரியில நிக்கணும். இது ரெண்டு வரிக்குப் போகுது."

"எழுத்தைச் சின்னதா போடுங்க."

"எழுத்தோட அளவுல நான் கை வைக்க முடியாது மேடம். அது வேற பிரிவு."

"பாதியை வெட்டினா அர்த்தமே தலைகீழா போயிடும். மாடு குறையுதுன்னு மட்டும் சொன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? ஒரு மாடு முன்னால கொடுத்ததைவிட இப்ப நிறையக் கொடுக்குது. அதனால குறைஞ்ச மாடே போதுமா இருக்கு. இதுதான் விஷயம்."

"அது உள்ளே இருக்கு மேடம். படிக்கிறவங்க படிப்பாங்க."

யாரும் படிக்கவில்லை. மறுநாள் 'கறவை மாடுகள் குறைகின்றன' என்ற ஒற்றை வரி ஊர் முழுக்கப் பறந்தது. சாயங்காலம் தொலைக்காட்சியில் ஒரு காலிக் கொட்டகையைக் காட்டினார்கள். அது எந்தக் கொட்டகை, எந்த வருடத்துப் படம் என்று கடவுளுக்கே வெளிச்சம். அதற்குப் பக்கத்தில் நான்கு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். நால்வரில் ஒருவர் ரொட்டிக்கடை முதலாளி, ஒருவர் சத்துணவு ஆலோசகர், மூன்றாமவர் வக்கீல். நான்காமவர் யாரென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவர்தான் அதிகம் பேசினார்.

இரண்டு நாளில் நிலைமை முற்றியது. கீழ்வீட்டுக்காரி பால்பொடி டின்களை அட்டைப்பெட்டியோடு வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கினாள். லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாம், "என்னங்க, உங்க மாடெல்லாம் எங்கே போச்சு?" என்று அவளிடமே விசாரித்தார்கள், ஏதோ அவள்தான் கயிற்றை அவிழ்த்துவிட்ட மாதிரி. பல் மருத்துவரிடம் போனால், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே இரண்டு கருவியை நுழைத்த பிறகு, "அப்ப இனிமே குழந்தைங்களுக்குப் பால் கிடைக்காதா?" என்று கேட்டார். அவளால் ஊளையிடத்தான் முடிந்தது.

விளக்கம் ஒன்று எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனாள். அவர் அதைப் படிக்காமலே சிரித்தார். நம் அலுவலகத்தை இத்தனை பேர் திரும்பிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்றார். விளக்கம் கொடுத்தால் நாம் முதலில் தப்பாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார்.

"தப்பா சொல்லலை சார். பாதி சொன்னோம்."

"அப்ப சரியாத்தானே சொல்லியிருக்கோம்," என்றார் இயக்குநர். மேடத்துக்கு அந்த அறையில் இருந்த நாற்காலியைத் தூக்கி எங்காவது போட்டால் தேவலை போலிருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இதெல்லாம் ஊரார் சங்கதி. வீட்டுச் சங்கதி அடுத்த வாரம்தான் வந்தது.

அவள் கணவர் மருந்துக்கடைக்காரர். அவருக்கு ஒரே தம்பி. நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் பால் பண்ணை வைத்திருந்தான். முப்பது சொச்சம் மாடு, ஒரு கொட்டகை, கறவை இயந்திரம், கறந்த பாலை ஊற்றிவைக்க எஃகுக் குளிர்த்தொட்டி. மாடுகளைப் பார்த்துக்கொள்வது அவனும் அவன் மனைவியும் மட்டும்தான். கொழுந்தன் நல்லவன். ஆனால் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டால் இறக்கமாட்டான். அண்ணி சொல்லும் எதையும் அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. அண்ணியின் அலுவலகம் சொன்னதை மட்டும், அதுவும் பாதியை மட்டும், வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

போன் செய்தது கொழுந்தன் மனைவி, அவளுடைய ஓர்ப்படி.

"அக்கா, நீங்க என்னத்தை எழுதித் தொலைச்சீங்க?"

"ஏன், என்ன ஆச்சு?"

"இவர் மாடு வாங்கிட்டார். பக்கத்துல ஒருத்தர் பண்ணையை மூடுறார், அவர்கிட்டேர்ந்து இருபது மாடு. எனக்கே லாரி வந்து நின்னப்பதான் தெரியும். கேட்டா, நாட்டுல மாடே இல்லாம போகப்போகுது, இருக்கிறவன்தான் ராஜாங்கிறார். அண்ணியே எழுதியிருக்காங்கன்னு பேப்பரை வெட்டிச் சுவத்துல ஒட்டியிருக்கார்."

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மறுபடியும் வைத்துக்கொண்டாள்.

"நான் எழுதினது அது இல்லம்மா."

"எனக்குத் தெரியும் அக்கா. அவருக்கு யார் சொல்றது? நீங்க வாங்க. நீங்க வந்து சொன்னாலும் கேட்கமாட்டார். ஆனா வாங்க."

கணவரிடம் சொன்னாள். அவர் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "அவன் அப்படித்தான்," என்றார். தம்பியைப் பற்றி எந்தக் குற்றச்சாட்டு வந்தாலும் அவர் சொல்லும் பதில் அது ஒன்றுதான். நீங்களும் வாங்களேன் என்றதற்கு, கடையை யார் பார்ப்பது என்றார். ஆகவே சனிக்கிழமை காலையில் அவள் மட்டும் பஸ் ஏறினாள். வழி முழுக்க மனதுக்குள் கொழுந்தனோடு பேசிக்கொண்டே போனாள். அந்தப் பேச்சில் அவன் இடையிடையே தலையாட்டினான், கடைசியில் மன்னிப்புகூடக் கேட்டான்.

நேரில் நடந்தது வேறு.

பண்ணை வாசலில் இறங்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. முப்பது மாட்டுக்குக் கட்டிய கொட்டகையில் ஐம்பதுக்கும் மேல் நின்றன. தீவனத் தொட்டிக்கு இந்தப் பக்கம் பழைய மாடுகள், அந்தப் பக்கம் புதியவை. இரண்டும் ஒன்றையொன்று சம்பந்தி வீட்டார் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றன. புது மாடுகளின் காதில் வேறு நிறத்து அடையாள வில்லை. சிலவற்றுக்கு இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சாணம் வாருகிற வாய்க்கால் வழிந்து, நடைபாதைக்கு வந்திருந்தது. ஓர்ப்படி முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வாங்கக்கா. செருப்போட உள்ளே வராதீங்க. அங்கே ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கு, கொஞ்சம் பெரிசா இருக்கும்."

கொழுந்தன் கொட்டகையின் மறுகோடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, உங்க கணக்கை நான் ஒருத்தன்தான் சரியா புரிஞ்சுக்கிட்டேன். மத்தவனெல்லாம் பயந்தான். நான் செயல்ல இறங்கிட்டேன்."

சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சுவரில், குழாய்க்கு மேலே, அந்த ஒற்றை வரி ஒட்டப்பட்டிருந்தது. மேடம் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பஸ்ஸில் தயார் செய்த பேச்சை நிதானமாக ஆரம்பித்தாள்.

"தம்பி, மாடு குறையறது பற்றாக்குறையால இல்லை. முன்னால ரெண்டு மாடு கொடுத்த பாலை இப்ப ஒண்ணேகால் மாடு கொடுக்குது."

"கால் மாடு எங்கே இருக்கு அண்ணி?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். தீவனம் மாறிடுச்சு, இனம் மாறிடுச்சு. அதனால குறைஞ்ச மாட்டை வச்சே தேவைக்கு மேல பால் வருது. புரியுதா?"

"நல்லாப் புரியுது. மாடு குறையுது."

"பால் குறையலை."

"இன்னைக்குக் குறையலை. மாடு இப்படியே போனா நாளைக்குக் குறையுமில்ல? அப்ப எல்லாரும் மாட்டைத் தேடுவான். எங்கே தேடுவான்? இங்கே வருவான்."

மேடம் தட்டிலிருந்த ரொட்டித் துண்டை நான்காகப் பிய்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, துண்டுகளை வைத்து மறுபடி விளக்கினாள். அவன் கவனமாகக் கேட்டான். எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நீங்க சொல்றதைத்தான் அண்ணி நானும் சொல்றேன்," என்றான்.

ஓர்ப்படி சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன.

மேடத்துக்குப் பொறுமை போயிற்று. இரண்டு வாரமாக இயக்குநரிடமும் செய்திப் பிரிவுக்காரரிடமும் பல் மருத்துவரிடமும் அடக்கிவைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

"இன்னொரு அட்டவணை இருக்கு தம்பி. அதை எவனும் எடுத்துப் போடலை. மாடு கொஞ்சமாத்தான் குறைஞ்சிருக்கு. பண்ணைதான் மளமளன்னு குறையுது. பெரிய பண்ணையில மாடு கூடிக்கிட்டே போகுது. அம்பதுக்குக் கீழே வச்சிருக்கிறவங்கதான் வருஷா வருஷம் மூடுறாங்க. ஒழிஞ்சுபோறது மாடு இல்லை. உங்களை மாதிரி ஆளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே கேட்டது. குழாயை ஓர்ப்படி நிறுத்திவிட்டாள்.

கொழுந்தன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, "அதனாலதான் அம்பதுக்கு மேல போயிட்டேன்," என்றான். குரலில் சிரிப்பில்லை. "எல்லாம் தெரியாம இல்லை அண்ணி. சுத்துவட்டாரத்துல ஒவ்வொருத்தனா மூடுறதை நான் பார்க்கலையா? இந்த இருபது மாட்டை வித்த மனுஷன் யாருன்னு நினைக்கிறீங்க? நானும் அவனும் ஒண்ணா ஆரம்பிச்சோம்."

அவன் முட்டாள்தனமாக நடந்துகொண்டான் என்று திட்டிக்கொண்டே வந்தாள். இப்போது பார்த்தால் பயத்தில் நடந்துகொண்டிருக்கிறான். பயந்தவனிடம் கோபப்படுவதும் முடியவில்லை, கோபம் தணியவும் மாட்டேனென்கிறது. அதுவே ஒரு தனி எரிச்சலாக இருந்தது.

சாயங்காலக் கறவைக்கு மூவருமாகப் போனார்கள். கறவை இயந்திரத்தில் ஒரு சமயத்தில் ஆறு மாடுதான் நிற்கும். முப்பது மாடு என்றால் வேலை சட்டென்று முடியும். இப்போது ஒரு வரிசை முடிந்து அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. புது மாடுகளுக்கு இந்த இடம் பழகவில்லை. ஒன்று வாசலிலேயே நின்று நகரமாட்டேனென்றது, இன்னொன்று காம்பில் மாட்டிய குழாயை உதைத்துத் தள்ளியது. ஓர்ப்படி ஒவ்வொரு மடியாகக் கழுவித் துடைத்து, குழாயை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். மேடம் பெரிய பூட்ஸில் கால் வழுக்க, சொன்ன வாளியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாட்டின் மாடுகளையெல்லாம் கணக்கில் வைத்திருப்பவளுக்கு ஒரு மாட்டின் பின்னங்காலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது தெரியவில்லை. முட்டியில் ஒரு உதை வாங்கித் தெரிந்துகொண்டாள்.

இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருக்கும்போது ஓர்ப்படி கையைத் துடைத்துக்கொண்டு குளிர்த்தொட்டி இருக்கும் பக்கத்து அறைக்குப் போனாள். திரும்பி வந்து கதவருகில் நின்றாள்.

"தொட்டி நிறைஞ்சிடுச்சு."

கொழுந்தன் காதில் விழாதவன் மாதிரி அடுத்த மாட்டை ஓட்டினான்.

"தொட்டி நிறைஞ்சிடுச்சுன்னு சொல்றேன். பால் லாரி நாளைக்குத்தான் வரும்."

"கன்னுக்குட்டிக்கு ஊத்து."

"கன்னுக்குட்டியெல்லாம் குடிச்சாச்சு. வயிறு வெடிச்சிடும்."

"அப்ப லாரிக்காரனுக்கு போன் போட்டு இன்னைக்கே வரச் சொல்லு."

"முந்தாநாளே கேட்டாச்சு. ஒப்பந்தத்துல இருக்கிற அளவுதான் எடுப்பாங்களாம். கூடுதல் பால் வேண்டாமாம். அவங்ககிட்டயே நிறைய இருக்காம்."

மேடம் கொழுந்தனைப் பார்த்தாள். "மாடு வாங்குறதுக்கு முன்னால பால் கம்பெனியில பேசலையா தம்பி?"

"பேசணும்னு இருந்தேன்," என்றான் அவன்.

மாட்டைக் கறக்காமல் விட முடியாது, மடி கட்டிக்கொள்ளும். ஆகவே மீதி மாடுகளையும் கறந்தார்கள். கறந்ததை வாளி வாளியாகக் கொண்டுபோய், தரை கழுவும் தண்ணீர் போகிற வாய்க்காலில் ஊற்றினார்கள். பால் நுரைத்துக்கொண்டு வெள்ளையாக ஓடியது. கொட்டகை ரேடியோவில் யாரோ ஒருவர் வரப்போகும் பால் தட்டுப்பாட்டைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். மேடம் போய் அதை அணைத்தாள். அணைத்த வேகத்தில் திருகு கையோடு வந்துவிட்டது.

"தொட்டிதான் சின்னதா போச்சு," என்றான் கொழுந்தன், காலி வாளியைக் கவிழ்த்துவிட்டு. "பெரிய தொட்டியா ஒண்ணு போட்டுட்டா இந்தத் தொந்தரவே இல்லை. வர்ற வாரம் விசாரிக்கிறேன்."

ஓர்ப்படி தன் கையுறையைக் கழற்றி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வாளியின் விளிம்பில் போட்டாள்.

"விசாரிங்க. ஆனா ஒண்ணு. அடுத்த மாசத்துலேர்ந்து நான் கறக்க வரமாட்டேன்."

"ஏன், எங்கே போறே?"

"வேலைக்கு. பால் கம்பெனியோட பரிசோதனைக்கூடத்துல ஆள் எடுத்தாங்க. எழுதிப் போட்டேன். கிடைச்சிருக்கு. நீங்க அந்த லாரியைக் கொண்டுவந்து நிறுத்தின அன்னைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க என்னைக் கேட்காம மாட்டை இறக்கிட்டிருந்தீங்க. சரி, இவர் கேட்கலை, நாம மட்டும் ஏன் சொல்லணும்னு விட்டுட்டேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கொழுந்தன் மனைவியைப் பார்த்தான், மாடுகளைப் பார்த்தான், கடைசியில் அண்ணியைப் பார்த்தான்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"என்னத்தை சொல்ல? அவ படிச்சது வேதியியல். இத்தனை வருஷம் உங்களோட சாணி அள்ளியிருக்கா."

"அப்ப நான் தனியா அம்பது மாட்டை எப்படிப் பார்ப்பேன்?"

அவனே கேட்டு, அவனே அதைக் காதில் வாங்கிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். புது மாடு ஒன்று கம்பிக்கு மேலே தலையை நீட்டி அவன் சட்டைக் காலரை நக்கியது. அவன் அதைத் தள்ளிவிடவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மேடத்துக்கு வெற்றி பெற்ற உணர்வு கொஞ்சமும் வரவில்லை. அவள் சொன்னது சரி. அது சரியாக இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? முட்டி வேறு வலித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓர்ப்படியின் போன் வழியாகத்தான் வந்தது. கொழுந்தன் தனியாகச் சமாளித்துக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஒரு ஆளை வேலைக்கு வைத்தான். அந்த ஆள் நான்கு நாளில் ஓடிப்போனான். புது மாடுகளில் பாதி நாலு ஈத்து, ஐந்து ஈத்து தாண்டிய கிழட்டு மாடுகள் என்பது அப்போதுதான் தெரியவந்தது. விற்றவன் பொய் சொல்லவில்லை, இவன்தான் கேட்கவில்லை. ஒரு நாள் கொழுந்தன் கொட்டகையிலேயே தூங்கிவிட்டான். ஓர்ப்படி வேலைக்குக் கிளம்பும்போது தீவன மூட்டைமேல் சாய்ந்து கிடந்தவனை எழுப்பினாள். எழுந்தவன், "மாட்டையெல்லாம் வாங்கிக்கிற மாதிரி பெரிய பண்ணைக்காரன் யார் நம்பராவது உன்கிட்ட இருக்கா?" என்றானாம்.

மாடுகள் போகிற அன்று யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். மேடம் போனாள். இந்தத் தடவை கணவரும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பழையது புதியது என்று பார்க்காமல் அத்தனையும் பெரிய பண்ணைக்குப் போனது, இரண்டு லாரியில். கணக்குப்படி பார்த்தால் நாட்டில் ஒரு மாடுகூடக் குறையவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மீதே எரிந்துவிழுந்தாள். பழைய மாடுகளில் ஒன்று சாய்பலகையில் ஏறமாட்டேனென்று காலை ஊன்றிக்கொண்டது. லாரிக்காரர் தடியை எடுத்தார். கொழுந்தன் அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தானே முன்னால் ஏறினான். அது பின்னாலேயே ஏறியது. அவன் உள்ளேயிருந்து இறங்கி வர நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அண்ணன் மட்டும் லாரியின் பக்கவாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றார்.

பண்ணை போன பிறகு வந்தது வேறு தலைவலி.

"அக்கா, இவர் விடியறதுக்கு முன்னால எழுந்திடுறார்," என்றாள் ஓர்ப்படி. "கறக்க மாடில்லை. அதனால சமையலறையில சாமானையெல்லாம் எடுத்து இடம் மாத்தி அடுக்குறார். நேத்து உப்பைத் தேடி நான் வேலைக்கு லேட்டு. என் துணியைக்கூட நிறவாரியா பிரிச்சு வச்சிருக்கார். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு. ஏதாவது வேலை பாருங்கன்னா, எனக்கு மாட்டைத் தவிர என்ன தெரியும்ங்கிறார்."

"அவரை போன் பண்ணச் சொல்லு."

"வேண்டாம். பண்ணினா வைக்கமாட்டார்."

மேடம் சிரித்துவிட்டாள். அந்த வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இந்தத் தலைவலி தன் அலுவலகத்துக்கே வந்து சேரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. கால்நடைக் கணக்கெடுப்புக்குப் பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டுவர தற்காலிக ஆட்கள் வேண்டுமென்று அந்தப் பகுதி அலுவலகம் விளம்பரம் செய்திருந்தது. கொழுந்தன் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். முதல் நாள் களத்திலிருந்து அவன் போன் வந்தபோதுதான் மேடத்துக்கு விஷயமே தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தம்பி, உங்களுக்கு மேலதிகாரி ஒருத்தர் இருப்பார். சந்தேகம்னா அவர்கிட்ட கேட்கணும். என்கிட்ட கேட்கக் கூடாது. நான் உங்க அண்ணி. பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?"

"அவருக்கு மாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியலை அண்ணி. பால் வத்தின மாட்டைக் கறவை மாடா போடுறதா, வேண்டாமான்னு கேட்டேன். முழிக்கிறார்."

"கொடுத்த புத்தகத்துல எழுதியிருக்கும். ரெண்டாவது பக்கம்."

"அதை யார் படிப்பா?"

மேடம் கண்ணை மூடித் திறந்தாள். அந்தப் பருவம் முழுக்க அவன் அவள் உயிரை வாங்கினான். ஒரு பண்ணைக்கு அரை மணி நேரம் என்றால் இவன் மத்தியானம்வரை உட்கார்ந்து யோசனை சொன்னான். ஒருவருடைய மாடு கன்று போட உதவி செய்துவிட்டு அன்றைய மீதி வேலையைக் கோட்டைவிட்டான். இன்னொருவர் பண்ணையை விரிவாக்கப்போகிறேன் என்றதும் சண்டை போட்டுவிட்டு வந்தான். மாடு குறைவது வேறு, பால் குறைவது வேறு என்று அந்த மனிதருக்கு ரொட்டித் துண்டை நாலாகப் பிய்த்துக் காட்டினானாம். அவர் கேட்கவில்லையாம். இப்படிக்கூட ஆட்கள் இருப்பார்களா அண்ணி என்று உண்மையான ஆச்சரியத்தோடு அவளிடமே கேட்டான்.

"இருப்பாங்க தம்பி," என்றாள்.

ஆனால் அவன் பகுதியிலிருந்து வந்த விவரங்களில் ஒரு ஓட்டை இல்லை. மற்ற ஆட்களிடம் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிடுகிற பண்ணைக்காரர்கள், இவனிடம் விற்ற மாடு, விற்கப்போகிற மாடு, வெளியில் சொல்ல வெட்கப்பட்ட நஷ்டம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அதை இயக்குநரிடம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொந்தக்காரன் விஷயம். வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர், "அவன் அப்படித்தான்," என்றார்.

கணக்கெடுப்பு முடிகிற வாரம், முக்கியமான ஒரு கூட்டத்துக்கு நடுவே போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தாள்.

"அண்ணி, ஒரு சின்ன சிக்கல். இங்கே ஒரு ரிட்டயரான தபால்காரர், ஒரே ஒரு பசு வச்சிருக்கார். அதைக் கணக்குல சேர்க்கக் கூடாதுங்கிறார். அது மாடு இல்லையாம், வீட்டுல ஒருத்தியாம். நானும் ரொம்ப நேரமா பேசிப் பார்க்கிறேன். அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி தெரியுது."

"தம்பி, நான் கூட்டத்துல இருக்கேன்."

"தெரியும், தெரியும். ஒரே வார்த்தை. எதுல போடட்டும்?"

"கறக்குதா?"

அவன் அந்தப் பக்கம் யாரிடமோ விசாரித்தான். பதில் நீளமாக வந்தது. அதில் அந்தப் பசுவின் உடம்பு, குணம் எல்லாம் அடங்கியிருந்தது போலும்.

"கறக்குதாம் அண்ணி. காலையில மட்டும்."

"அப்ப கறவை மாடு. ஒண்ணுன்னு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புங்க."

"போட்டுடுறேன். ஆனா உடனே கிளம்ப முடியாது. டீ போட்டுக்கிட்டிருக்கார்."